ஆளற்ற கரை என்று எதுவுமில்லை



பாறை நிறைந்த ஒரு கடற்கரையில் நின்று, நிலக்காட்சியின் வழியாக மனதைச் சொல்லும் ஒளிப்படக் கலையை எப்படிக் கற்றார்கள், நாம் அதை எப்படிக் கற்பது என்பதுதான் இன்றைய பேச்சு. தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். நம் சனங்கள் மலக்குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கும்போது பாறையையும் அலையையும் படம்பிடிக்கக் கற்பது யாருக்கு வேண்டும்? நியாயமான கேள்வி. இந்த அரங்கில் எழாவிட்டால் வேறு எங்கே எழும்? அதற்குப் பதில் தேடுவதாகவே இந்த உரையை அமைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேமராவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. நடந்ததற்குச் சாட்சி சொல்வது ஒன்று. பார்த்தவரின் உள்ளத்தைச் சொல்வது இன்னொன்று. முதல் வேலையை நாம் விரும்பியும், வேறு வழியின்றியும் செய்து வருகிறோம். எரிந்த குடிசை, உடைந்த சிலை, பிணவறை வாசலில் நிற்கும் தாய். அந்தப் படங்கள் வழக்குகளைத் தாங்கியிருக்கின்றன, அவை தேவை. ஆனால் ஊடகமும் கலைக்கூடமும் நம் பிள்ளையின் கையில் கேமராவைப் பார்த்த உடனே அந்த ஒரு வேலையை மட்டும் நீட்டுகின்றன. "உங்கள் ஆட்களின் துயரத்தை எடுத்து வா" என்கின்றன. அந்திக் கடலைப் பார்த்து அவனுக்கு, அவளுக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்பதில்லை. நம்மிடம் ஆதாரத்தை எதிர்பார்க்கிறார்கள், அகத்தை எதிர்பார்ப்பதில்லை. இது பாராட்டின் வேடத்தில் வரும் ஒதுக்கல்.

ஒரு கரையும் ஒரு பள்ளியும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கார்மல் என்ற சிற்றூருக்குத் தெற்கே, பசிபிக் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பாறைமுனை பாயிண்ட் லோபோஸ். அங்கே பாறைமேல் கிடந்து குரலெழுப்பும் கடற்சிங்கங்களை ஸ்பானியர்கள் 'கடல் ஓநாய்கள்' என்று அழைத்தார்கள்; பெயர் அதிலிருந்து வந்தது. கருங்கல் பாறைகள், அலை அரித்த கூழாங்கல் படிவுகள், காற்றில் முறுக்கிக்கொண்ட சைப்ரஸ் மரங்கள், கரையில் ஒதுங்கிய நீண்ட கடற்பாசிக் கொடிகள். உலக ஒளிப்பட வரலாற்றில் இந்தச் சிறிய முனையைப்போல் பாடசாலையாக இருந்த இடம் அதிகமில்லை.

எட்வர்ட் வெஸ்டன் (1886-1958) 1929இல் கார்மலுக்குக் குடிவந்தார். வயிற்றுப்பாட்டுக்கு முகப்படங்கள் எடுத்துக்கொண்டே, 1948 வரை திரும்பத் திரும்ப அந்த முனைக்குப் போனார். எட்டுக்குப் பத்து அங்குல நெகட்டிவ் பிடிக்கும் பெரிய கேமரா, மூன்று கால் தாங்கி, தலையை மூடும் கறுப்புத் துணி. எடுத்த நெகட்டிவைப் பெரிதாக்காமல், தாளின்மேல் நேராக வைத்தே அச்சிட்டார். கேமராவுக்குள் தெரியும் சட்டகம்தான் கடைசிப் படம். பிறகு வெட்டிச் சரிசெய்ய இடமில்லை. ஆகவே படம் எடுப்பதற்கு முன்பே அவர் முழுப் படத்தையும் பார்த்தாக வேண்டும். வேர், பாறை மடிப்பு, இறந்து கிடந்த பெலிக்கன் பறவை என்று கால் பதிக்கும் இடத்தையே பெரும்பாலும் எடுத்தார். விரிந்த கடல் அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பார்க்கின்சன் நோய் உடலை முடக்கிய நிலையில் 1948இல் அவர் எடுத்த கடைசிப் படமும் அதே கரையின் கற்கள்தான்.

சான்பிரான்சிஸ்கோவில் 1945இல் ஆன்சல் ஆடம்ஸ் ஓர் ஒளிப்படப் பிரிவை ஒரு கலைக் கல்லூரிக்குள் தொடங்கினார். 1946இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்த மைனர் வொயிட் (1908-1976), மாணவர்களை வெஸ்டனிடம் அழைத்துப் போனார். நோயுற்ற முதியவரோடு மாணவர்கள் அந்தப் பாறைகளுக்கிடையே நடந்தார்கள்.

வொயிட் சொல்லித்தந்த முறை நமக்கு முக்கியம். பொருளின் முன்னால் முதலில் அசையாமல் இரு, கேமராவை எடுக்காதே, பொருள் உன்னைப் பார்க்கும்வரை பொறு என்பது அதன் சாரம். அச்சிட்ட படத்தின் முன்னும் மாணவர்கள் அதேபோல் அமைதியாக உட்கார வேண்டும். பாறையில் பாறையை மட்டும் பார்த்தால் போதாது, அது வேறு என்னவாக இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சிந்தனைக்கு மூலம் ஆல்ஃபிரெட் ஸ்டிக்லிட்ஸ். அவர் 1922 முதல் மேகங்களைப் படமெடுத்து, அவற்றைத் தன் உள்ளத்தின் 'நிகர்கள்' என்று கருதினார்.

வொயிட்டுக்கு இந்த 'நிகர்' ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? அவர் தன்பால் ஈர்ப்புடையவர். அது வெளியே தெரிந்தால் ஆசிரியர் வேலை பறிபோகும் காலம். சொல்ல முடியாத காதலையும் அச்சத்தையும் அவர் கடலிலும் நுரையிலும் கல்லிலும் வைத்தார். 1947இல் அப்படி அமைந்த தம் படவரிசைக்கு 'சொற்களற்ற பாடல்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். பாறைப்படம் என்பது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் தோழர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். வாய்திறக்க முடியாதவருக்கு அது மொழியாக இருந்திருக்கிறது. விடுதி அறையில் சாதியை மறைத்து வாழும் மாணவருக்கும், பெருநகர அலுவலகத்தில் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கும் இளைஞருக்கும் இது அந்நியமான சங்கதி இல்லை.

கறுப்பை எங்கே வைப்பது

தொழில்நுட்பத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அங்கேயும் அரசியல் உண்டு.

கேமராவின் ஒளிமானிக்கு உலகம் முழுதும் நடுச்சாம்பல் நிறம்தான். நனைந்த கரும்பாறைக்கு நேரே அதைப் பிடித்தால் பாறையைச் சாம்பலாக்கும். வெள்ளை நுரைக்கு நேரே பிடித்தால் நுரையையும் சாம்பலாக்கும். கறுப்பு கறுப்பாகவே வர வேண்டுமா, எவ்வளவு கறுப்பாக, அதற்குள் மேடுபள்ளம் தெரிய வேண்டுமா என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். இதற்காக ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி உருவாக்கிய முறைதான் 'ஸோன் சிஸ்டம்'. முழுக்கறுப்பை 0 என்றும், முழுவெள்ளையை 10 என்றும் வைத்துப் பதினொரு படிகள். ஒவ்வொரு படிக்கும் இடையே ஒரு ஸ்டாப் ஒளி. ஒளிமானி சொல்வது எப்போதும் 5. கரும்பாறையின் சொரசொரப்பு தெரிய வேண்டும், அதே சமயம் அது கரியதாகவும் இருக்க வேண்டும் என்றால் அதை 3இல் வைக்க வேண்டும். மானி சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும். ஃபிலிமில் நிழலைப் பார்த்து ஒளி கொடுத்து, வெளிச்சப் பகுதியைக் கழுவும் நேரத்தால் கட்டுப்படுத்துவார்கள். டிஜிட்டலில் தலைகீழ்: நுரையின் வெண்மை வெந்துபோகாமல் காக்க வேண்டும்; போனால் திரும்ப வராது. கைப்பேசி வைத்திருப்பவர் திரையில் நுரையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்தாலே இந்தப் பாடம் தொடங்கிவிடும்.

அந்த முறையை விளக்கும் ஆடம்ஸின் 'தி நெகட்டிவ்' நூலில், எந்தப் பொருளுக்கு எந்தப் படி என்று ஓர் அட்டவணை இருக்கிறது. வெயிலில் வெள்ளையரின் தோலுக்கு 6. கறுத்த தோலுக்கு 5. அந்த 5க்கு எதிரே இன்னும் சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சாம்பல்நிறக் கல். நம் தோலும் பாறையும் ஒரே படியில். இதை அவமதிப்பு என்று நான் படிக்கவில்லை. கரும்பாறையின் நுட்பங்களை இழக்காமல் படமெடுக்கக் கற்றவர் கறுத்த முகத்தின் நுட்பங்களையும் இழக்கமாட்டார் என்று படிக்கிறேன். கோடக் நிறுவனத்தின் வண்ண அச்சுகளைச் சரிபார்க்க ஆய்வகங்களில் நெடுங்காலம் பயன்பட்ட அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அந்த முகத்துக்கு ஏற்பச் சரிசெய்த வண்ணத்தில் கறுத்தவர்களின் முகங்கள் கண்ணும் பல்லுமாக மட்டும் தெரிந்தன. நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அம்மாக்களின் முகங்களைச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கவைத்ததும் இதே புத்திதான். கறுப்பைக் கறுப்பாக, உள்ளே ஆழம் தெரிய அச்சிடத் தெரிவது நமக்குச் சுயமரியாதையின் ஒரு பகுதி. அதைப் பழகப் பாறையைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அசையாது, சலிக்காது, காலையில் ஒன்று மாலையில் ஒன்றாகத் தெரியும்.

சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகு, அதே பாயிண்ட் லோபோஸிடம் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வெஸ்டனின் பாறைப்படங்களைப் பார்ப்பவருக்கு அது மனிதன் கால்படாத கரை என்று தோன்றும். உண்மையில் அது உழைப்பாளிகளின் கரை.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ரம்சியன் பழங்குடியினர் அங்கே சிப்பி எடுத்து வாழ்ந்தார்கள். 1850களில் சீன மீனவக் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்கள் கட்டிய ஒரு மரவீடு இன்றும் நிற்கிறது. அதன் தரைச் சட்டங்களுக்கு முட்டுக்கொடுத்திருப்பவை திமிங்கலத்தின் முதுகெலும்புத் துண்டுகள். பிறகு அசோர்ஸ் தீவுகளின் போர்ச்சுகீசியத் திமிங்கல வேட்டையாளர்கள் வந்தார்கள். கருங்கல் உடைத்தவர்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த கென்னோசுகே கொடானி, நிலச் சொந்தக்காரரான அலெக்சாண்டர் ஆலனோடு சேர்ந்து, அபலோன் என்னும் பாறைச்சிப்பியைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் ஆலை நடத்தினார். உறைய வைக்கும் அந்தத் தண்ணீரில் இறங்கிச் சிப்பியைப் பெயர்த்தவர்கள் ஜப்பானியக் குளியாளிகள். 1933இல் அரசு அந்த முனையை வாங்கி இயற்கைக் காப்பிடமாக்கியது. அதன் பிறகுதான் அது 'இயற்கை' ஆனது.

1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று, மேற்குக் கடற்கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடியிருப்புகளிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைக்க வழிசெய்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்தக் கரையின் ஜப்பானியர்களும் தப்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் டோயோ மியாட்டேக் என்ற ஒளிப்படக்காரர் இருந்தார். 1920களில் வெஸ்டன் பெயர் பெறாத காலத்தில், ஜப்பானியக் குடியிருப்பில் அவர் படங்களைக் காட்சிக்கு வைக்க உதவியவர். அந்த மனிதரும் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டார். கைதிகளிடம் கேமரா இருக்கக்கூடாது என்பது விதி. அவர் ஒரு லென்ஸை மறைத்து உள்ளே கொண்டுபோய், மரத்துண்டுகளால் பெட்டி செய்து, கேமராவாக்கிப் படமெடுத்தார்.

நான் வெஸ்டனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவருடைய கற்கள் என்றைக்கும் பெரிய கலைதான். ஆனால் ஒன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: ஆளில்லாத நிலக்காட்சி தானாக அமைவதில்லை. யாரோ வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள், அல்லது சட்டகத்தின் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கிறார்கள். பாறைமேல் ஏறும்போது முதல் கேள்வியாக அதைக் கேட்கும் கண் நமக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. ஊரின் அழகிய குளத்தைப் பார்த்தால், யார் அதில் இறங்கலாம் என்று யோசிக்காமல் நம்மால் பார்க்க முடியாது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். நீரின் அருகில் நிற்கும் உரிமையைக் கேட்ட அந்தப் போராட்டத்தை, நிலக்காட்சிக்குள் நுழையும் போராட்டமாகவும் நாம் வாசிக்கலாம்.

வொயிட்டின் வகுப்பறையில்

அதே சான்பிரான்சிஸ்கோ கல்லூரிக்கு 1946இல் ஒரு கறுப்பின மாணவர் வந்தார். டேவிட் ஜான்சன், 1926இல் பிறந்து புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வளர்ந்தவர், கடற்படையில் பணியாற்றியவர். ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்திலேயே தான் நீக்ரோ என்று குறிப்பிட்டார். நிறம் ஒரு தடையில்லை என்று பதில் வந்தது. வந்தவருக்குத் தங்க இடமும் ஆடம்ஸ் வீட்டிலேயே கிடைத்தது. ஆடம்ஸிடம் படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்.

பனிமலையும் கடற்பாறையும் எடுத்த ஆசான்களின் மாணவர், தனக்குத் தெரிந்த மக்களைப் படமெடு என்ற வொயிட்டின் ஆலோசனையோடு, சான்பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் பகுதிக்குப் போனார். தேவாலய ஞாயிறுகள், இசைக்கூடங்கள், தெருக்குழந்தைகள். அந்தப் பகுதியில் கறுப்பின மக்கள் பெருகியது எப்படி? 1942இல் ஜப்பானியர்கள் பெயர்க்கப்பட்டுக் காலியான வீடுகளுக்கு, போர்க்கால ஆலை வேலை தேடிவந்த கறுப்பினத்தவர் குடிவந்தார்கள். பின்னர் 'நகர் மறுசீரமைப்பு' என்ற பெயரில் அந்தப் பகுதியையும் இடித்தார்கள். இன்று பழைய ஃபில்மோரின் நினைவு ஜான்சனின் படங்களில் இருக்கிறது.

'உனக்குத் தெரிந்ததை எடு' என்ற அறிவுரையை நாம் கவனமாகக் கையாள வேண்டும். ஜான்சனுக்கு அது வரம். தன் தெருவைத் தானே சொல்லும் அதிகாரத்தைத் தந்தது. அதே வாக்கியம் வேறொருவர் வாயில் வேலியாகும்: நீ சேரியை மட்டும் எடு, கடலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. வித்தியாசம் எங்கே இருக்கிறது? தேர்வு யாருடையது என்பதில். ஜான்சன் கற்றது நிழலையும் ஒளியையும் எடைபோடும் அதே கலை. அதை எங்கே கொண்டுபோவது என்பதை அவரே முடிவுசெய்தார்.

திணைக்குள்ளும் திணைக்கு வெளியிலும்

நிலத்தின் வழியாக உள்ளத்தைச் சொல்வது நமக்கு மேற்கிலிருந்து வந்த புதுமை இல்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தமிழ்க் கவிதை இதற்கு இலக்கணமே வகுத்தது. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். அலை, உப்பு, புன்னை, அந்திப்பொழுது என்றாலே ஒரு மனநிலை வந்துவிடும். ஸ்டிக்லிட்ஸ் தேடிய 'நிகர்' இங்கே ஏற்கெனவே இருந்தது.

அந்த இலக்கணத்திலும் ஒரு வெட்டுக்கோடு இருக்கிறது. அடியோரையும் வினைவலரையும், அதாவது அடிமைகளையும் ஏவல்தொழில் செய்வோரையும், தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது. அவர்களுக்குக் கைக்கிளையும் பெருந்திணையும். அதாவது நிலத்தில் பாடுபடுகிறவனுக்கு அந்த நிலத்தின் வழியாகத் தன் காதலைச் சொல்லும் தகுதி இல்லை. பாயிண்ட் லோபோஸின் குளியாளியும் தொல்காப்பியத்தின் வினைவலனும் ஒரே இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள்: அழகிய நிலத்தின் உள்ளே உழைப்பு, அதன் அழகுக்கு வெளியே இருப்பு.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு என் பதில் இதுதான். நாம் நிலக்காட்சி எடுப்பது போராட்டத்திலிருந்து விலகிப்போவது ஆகாது. நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்த ஒரு வாசலைத் திறப்பது.

அந்த வாசல் கொஞ்சம் திறந்தும் இருக்கிறது. வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன், தலித்தாகத் தன்னை அறிவித்துக்கொண்டு, தன் வீட்டையும் குடும்பத்தையும் மண்ணையும் எடுத்த படங்களில் துயரமும் இருக்கிறது; கனவும் நீரும் ஒளியும்கூட இருக்கின்றன. மலக்குழி மரணங்களைப் பல ஆண்டுகள் பதிவுசெய்த எம். பழனிக்குமார், ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் எடுத்திருக்கிறார். அவர்கள் மிதக்கும் கடல், வேலைத்தளம், அழகு இரண்டுமாகத் தெரிகிறது. சாட்சியையும் அகத்தையும் ஒரே சட்டகத்தில் வைக்கலாம் என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று வேண்டாம்.

நம் கரையில் தொடங்க

மாணவ நண்பர்களே, நமக்கும் பாறைக்கரை இருக்கிறது. பாரதிராஜா படங்களில் முட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தப் பாறைகளுக்குப் போக, ஒரு பேருந்துச் செலவும் கைப்பேசியும் போதும்.

ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு திரும்பத் திரும்பப் போங்கள். வெஸ்டன் ஒரே முனைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போனார். கடல் ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். நேற்றைய ஈரக்கோடு இன்று அதே நேரத்தில் அதே இடத்தில் இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் மூர்க்கமாக இருக்கும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். உப்புத்துளி கண்ணாடியைத் தின்னும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி பையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் எதையும் எடுக்காமல் உட்காருங்கள். பிறகு கரும்பாறையைக் கறுப்பாகவே எடுக்கப் பழகுங்கள்.

அதோடு நம் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்குமுன் அங்கே வேலை செய்பவரிடம் பேசுங்கள். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டை மீனவர்கள் 'பார்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் தெரிந்த பிறகு உங்கள் படம் மாறும். கரையில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்றும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, படகும் வலையும் இல்லாத, மீன் சுமந்தும் உப்பளத்தில் வெந்தும் பிழைத்த தலித் மக்கள் பல இடங்களில் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டார்கள். கடல் அவர்கள் வீட்டுக்குள்ளும்தான் வந்தது. 'பாதிக்கப்பட்ட கரை' என்று உலகம் பார்த்த படங்களில் பெரும்பாலும் அவர்கள் இல்லை. பட்டியலும் சட்டகமும் ஒரே கையால் வெட்டப்படுகின்றன.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் ஒரு பாறையை, அதை மட்டுமே எடுக்கலாம். படத்துக்குள் மனிதர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளக்கக் குறிப்பும் தேவையில்லை. அந்தக் கல்லின் கறுப்பில் எவ்வளவு ஆழம் வைக்கிறீர்கள், எந்த விளிம்பில் சட்டகத்தை நிறுத்துகிறீர்கள் என்பதிலேயே நீங்கள் யார் என்பது இருக்கும். யாராவது வந்து, 'இதில் உங்கள் மக்களின் வலி எங்கே?' என்று கேட்டால், 'இது என் கண். முதலில் இதைப் பாருங்கள்' என்று சொல்லுங்கள்.

யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழரும் எழுத்தில் கேட்டது இந்த உரிமையைத்தான் என்று நம்புகிறேன்: நம்மைப் பற்றிப் பிறர் பேசுவதோடு முடியாமல், உலகத்தைப் பற்றி நாமும் பேசும் உரிமை. அந்த உலகத்தில் சேரியும் உண்டு, மலக்குழியும் உண்டு, கடலும் உண்டு.